நீல டிரம்மின் மேல் ஒரு போர்வை

காசிமாயன் திருப்பூர் மண்ணரைக்கு வந்து இறங்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் மருமகள் நதியாவின் டிரம்மை எட்டி உதைத்துவிட்டார்.

உதைப்பதற்கென்றே வந்தார் என்று சொன்னாலும் தப்பில்லை. நதியா ஊரார் துணியைத் துவைத்துக் கொடுக்கிறாள் என்ற சேதி போன வாரம் உசிலம்பட்டிப் பக்கம் போய்ச் சேர்ந்ததிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. கூடவே ஒரு நல்ல சேதியும் போயிருந்தது. அண்ணன் வீட்டில் தங்கி பனியன் கம்பெனிக்குப் போய்வரும் மகள் அனுசுயாவை ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். அவர் முதல் நாளே கிளம்பி, மடத்துக்குளத்தில் சொந்தக்காரர் வீட்டில் படுத்து எழுந்து, ஞாயிறு காலை ஏழரைக்கெல்லாம் லைன் வீட்டு வாசலில் நின்றார்.

டிரம்மின் கதை தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். இந்த வாரம்தான் புதிதாக உள்ளே வந்தவர்களுக்காகக் கொஞ்சம்.

கம்பெனியில் ஆறு வருஷம் பிசிறு நூல் வெட்டி வெட்டி நதியாவின் வலது கட்டைவிரல் மூட்டு வீங்கிப் போனது. இனி ஈரத் துணியைக்கூடப் பிழியாதே என்றார் டாக்டர். அப்படியானால் வேலைக்கும் வராதே என்றது கம்பெனி. மூன்று நாள் அழுதாள். நாலாம் நாள் பழைய சாமான் கடையில், சாயப்பட்டறையிலிருந்து வந்த நீல பிளாஸ்டிக் டிரம் ஒன்று கண்ணில் பட்டது. அதை வெல்டிங் பட்டறை ஜெபக்குமாரிடம் உருட்டிக்கொண்டு போனாள். அவன் டிரம்மை இரும்பு ஸ்டாண்டில் படுக்கவைத்து, வயிற்றில் சதுரமாகக் கதவு வெட்டி, பழைய சைக்கிள் ஒன்றின் செயினையும் பெடலையும் மாட்டிக் கொடுத்தான். துணியும் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கதவை முடுக்கி, பெடலைக் கையால் சுற்றினால் டிரம் உருளும். உள்ளே துணி விழுந்து புரண்டு அழுக்கை விட்டுவிடும். பிழிவதற்கு இரண்டு ரப்பர் உருளைகள். கரண்டும் வேண்டாம், கட்டைவிரலும் வேண்டாம், தோளில் தெம்பு இருந்தால் போதும்.

ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம் என்று கணக்கில்லாமல் கரண்ட் போகிற காலத்தில், வாரத்துக்கு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கிற கம்பெனிப் பெண்கள் அந்த டிரம்மை விடுவார்களா? வரிசையாக இருந்த பதினொரு லைன் வீடுகளிலிருந்தும் மூட்டைகள் வர ஆரம்பித்தன. நதியாவுக்கு மறுபடியும் ஒரு தொழில் கிடைத்தது. ஒருத்தரிடமும் கைகட்டி நிற்க வேண்டாத தொழில்.

அந்த டிரம்மைத்தான் மாமனார் உதைத்தார்.

"ஏத்தா, நம்ம சனம் செய்யுற வேலையா இது? அந்த வேலைக்குன்னு பொறந்தவுக இருக்காகல்ல?"

"வேலைக்குன்னு யாரும் பொறக்கல மாமா. நானும் பிசிறு வெட்டப் பொறக்கல."

"வாய் நீளுதோ? டேய் முனீசு! கேட்டியாடா?"

நதியாவின் கணவன் முனீஸ் காதில் விழாத மாதிரி வாளியைத் தேடப் போனான். அந்த வித்தையில் அவனுக்குப் பத்து வருஷ அனுபவம். கோபம் தலைக்கேறிய பெரியவர் ஓங்கி ஒரு உதை விட்டார். டிரம் அரைச் சுற்றுச் சுற்றியது. செயினும் சுற்றியது. செயினோடு அவருடைய வெள்ளை வேட்டியும் போனது.

முனீஸ் ஓடிவந்து வேட்டியை விடுவிப்பதற்குள், முழங்காலிலிருந்து கரைவரைக்கும் கறுப்புக் கிரீஸ் அப்பிவிட்டது. டிரம்மின் கதவும் சும்மா இருக்கவில்லை. உதை பட்டதில் ஓரத்து ரப்பர் கிழிந்து தொங்கியது.

மாற்று வேட்டி? பையில் ஒரு கட்டம் போட்ட கைலிதான் இருந்தது. முனீஸிடம் வேட்டியே கிடையாது. கல்யாண வேட்டி தொட்டில் துணியாகி, அப்புறம் கரித்துணியாகி, ஒருவழியாக மோட்சம் அடைந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பதினொரு மணிக்கு வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கடையெல்லாம் திறந்து ஆள் போய் வாங்கிவர நேரமில்லை. பெண்ணைப் பெற்றவர் கைலியோடு உட்கார்ந்தால் நன்றாகவா இருக்கும்?

"அலசிப் போடுத்தா, காஞ்சுரும்," என்றார் பெரியவர், முகத்தைப் பார்க்காமல்.

நதியா வலது கையை அவர் முன்னால் நீட்டினாள். கட்டைவிரல் அடியில் எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. "இந்தக் கையால கிரீஸு கசக்க முடியாது. அனுசுயாவுக்கு ரெண்டு கையிலயும் மருதாணி, இன்னும் காயல. டிரம்முல போடுறதுன்னா போடுறேன். இல்லையா, கறையோட கட்டிக்கிட்டு உக்காருங்க."

காசிமாயன் வானத்தைப் பார்த்தார், குழாயடியைப் பார்த்தார், கடைசியில் கைலிக்கு மாறினார்.

"போடு. ஆனா ஊரான் துணியோட என் வேட்டியச் சேக்கக் கூடாது. தனியாப் போடு."

இந்தத் 'தனியாப் போடு'வை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கிழிந்த ரப்பருக்குப் பதில் கதவிடுக்கில் எதையாவது அடைத்தாக வேண்டும். திருப்பூரில் ஒரு வீட்டில் எது ஒழுகினாலும், எது ஆடினாலும் அதற்கு வைத்தியம் பனியன் வேஸ்ட்தான். கம்பெனியில் வெட்டித் தள்ளுகிற துண்டுத் துணி மூலைக்கு ஒரு மூட்டை கிடக்கும். முனீஸ் மூட்டைக்குள் கைவிட்டு, வந்ததை உருவிக் கயிறாகத் திரித்து, கதவைச் சுற்றி அழகாக அடைத்தான். வந்தது நல்ல ரத்தச் சிவப்பு.

அனுசுயா பார்த்திருந்தால் கத்தியிருப்பாள். நதியா பார்த்திருந்தால் கையைத் தட்டிவிட்டிருப்பாள். ஆனால் முனீஸ் நிட்டிங்காரன். நூலைத் துணியாக்கும் மெஷின் முன்னால் பன்னிரண்டு வருஷமாக நிற்பவன். சாயப்பட்டறைக்குப் போவதற்கு முன்னால் துணிக்கு ஒரே நிறம்தான், வெள்ளை. சிவப்பு எப்படிச் சிவப்பாகிறது, சரியாக அலசாத சிவப்பு என்னென்ன சேட்டை செய்யும் என்பதெல்லாம் அவனுக்கு வேறு நாட்டுச் சமாச்சாரம்.

நதியா அடுப்படியில் கேசரிக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்தாள். "நானே சுத்துறேன், நீ அடுப்பப் பாரு," என்று முனீஸ் பெரிய மனசு பண்ணினான். கிரீஸ் போகக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினான். போர்வெல் தண்ணீரோ உப்பு. சூடான உப்புத் தண்ணீர், சுற்றுகிற டிரம், சிவப்புத் துணி. ஒரு சாயப்பட்டறைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

கதவைத் திறந்தபோது கிரீஸ் சுத்தமாகப் போயிருந்தது. வேட்டி ரோஜாப்பூ நிறத்தில் இருந்தது. திட்டுத்திட்டாகக்கூட இல்லை. முனைக்கு முனை ஒரே சீராக, கம்பெனி ஆர்டர் கொடுத்துச் செய்த மாதிரி ஏறியிருந்தது.

அனுசுயா வாயைப் பொத்திக்கொண்டாள், அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஊரான் துணியோட சேந்திருந்தா ஆளுக்குக் கொஞ்சமாப் போயிருக்கும்," என்றாள் நதியா. "தனியாப் போடச் சொன்னீக மாமா. மொத்தச் சாயமும் உங்களுக்கே வந்துருச்சு."

மணி பத்தைத் தாண்டியிருந்தது. கரண்ட் சொல்லி வைத்தாற்போல் போனது. வெயிலில் விரித்த வேட்டி முக்கால் மணி நேரத்தில் காய்ந்தது. காய்ந்ததும் இன்னும் கொஞ்சம் பளிச்சென்று ஆனது.

பெரியவர் பல்லைக் கடித்துக்கொண்டு அதையே கட்டினார். கட்டிக்கொண்டு மகனை அழைத்து ஒரே ஒரு உத்தரவு போட்டார்.

"அந்தச் சனியன மூடுறா. அவுக கண்ணுல படக்கூடாது. பட்டுச்சு, என் மக வாழ்க்கை போச்சு."

முனீஸ் கட்டிலில் கிடந்த போர்வையை எடுத்துக்கொண்டு நதியாவைப் பார்த்தான். "ஒரு நாள்தானே நதியா."

திருடின பொருளை மூடுவது மாதிரி மூடுகிறார்களே, நான் என்ன திருடினேன்? கேட்க நதியாவுக்கு நாக்கு வரை வந்தது. ஆனால் அடுப்படி ஓரமாக, பட்டுப் புடவையில், மருதாணிக் கையைக் கோத்தபடி அனுசுயா நின்றாள். மாப்பிள்ளையின் போட்டோவை அவள் தலையணைக்கு அடியில் வைத்திருப்பது நதியாவுக்கு மட்டும் தெரியும். வாய் திறந்தால் அந்தப் பெண்ணுக்கல்லவா கெடுதல்?

"மூடுங்க," என்றாள்.

போர்வைக்கு அடியில் டிரம், வயிற்றுவலிக்காரனைப் போலப் படுத்துக் கிடந்தது.

பதினொன்று பத்துக்கு மாப்பிள்ளை தவசியும் அவன் தாய் ஒச்சம்மாளும் வந்தார்கள். உசிலம்பட்டிப் பக்கத்து ஆட்கள்தான், அவிநாசியில் வந்து குடியேறிப் பதினைந்து வருஷம். தவசி ஒரு சாயப்பட்டறையில் சூப்பர்வைசர். லைன் வீடுகளின் சொந்தக்காரி மயிலாத்தாள் மாடியிலிருந்து நாலு சேர் கொடுத்தனுப்பியிருந்தாள். அறைக்குள் வெக்கை தாங்கவில்லை என்று வாசலிலேயே, வேப்ப மரத்து நிழலில் சேரைப் போட்டார்கள். மூடிய டிரம்முக்கு ஆறடி தூரத்தில்.

உட்கார்ந்ததும் ஒச்சம்மாளின் கண் வேட்டிக்குப் போனது.

"என்னண்ணே, வேட்டி ஒரு தினுசா இருக்கு?"

காசிமாயன் அசரவில்லை. "இப்ப திருப்பூர்ல இதான் பேசன்," என்றார், அன்று காலைதான் திருப்பூரில் வந்து இறங்கிய மனிதர்.

தவசி வேட்டியை உற்றுப் பார்த்தான். தினமும் துணியைப் பார்த்துச் சாயத்தைச் சொல்வதுதான் அவன் பிழைப்பு. மீசைக்குள் எதையோ அடக்கிக்கொண்டான். கேசரித் தட்டோடு வந்த அனுசுயா அதைப் பார்த்துவிட்டாள்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒச்சம்மாள் கேசரியைப் பாராட்டினாள். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழத்தோடு கொண்டுவந்திருந்த சூடத்தை எடுத்து முன்னால் வைத்தாள். பெண்ணைப் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

அப்போதுதான் மயிலாத்தாள் மாடிப்படியில் இறங்கி வந்தாள். இடுப்பில் ஒரு பெரிய பேசின். அதிலிருந்து படிக்குப் படி சோப்புத் தண்ணீர் சொட்டியது.

"நதியா கண்ணு! என்ற மெஷினு பாதியிலயே நின்னு போச்சு சாமி. துணியெல்லாம் நொரைக்குள்ளாரயே கெடந்துச்சு, கரண்டு எப்ப வருமோ தெரியலீங். உன்ற டிரம்ல போட்டு ஒரு சுத்து சுத்திக் குடு கண்ணு." அப்புறம்தான் சேர்களில் இருந்த விருந்தாளிகளைப் பார்த்தாள். "அட, ஒரம்பறை வந்திருக்கறாங்களா! வாங்க வாங்க. நம்ம நதியா தொவைச்சா மல்லிப்பூவாட்ட இருக்குமுங்க. இந்த லைனு பூராத்துக்கும் அவதானுங்க."

நல்ல மனசோடு சொன்ன வார்த்தைதான். அதற்கு மேல் கெடுதல் செய்ய ஒரு எதிரியாலும் முடியாது.

ஒச்சம்மாள் கேசரித் தட்டைக் கீழே வைத்தாள்.

"டிரம்மா? என்ன டிரம்மு?"

"அது தண்ணி டிரம்மு அத்தை," என்றான் முனீஸ்.

"தண்ணி டிரம்முக்கு எதுக்குய்யா போர்வை? குளிருதா அதுக்கு?"

நதியா மாமனாரைப் பார்த்தாள். அவர் தலை குனிந்திருந்தது. முனீஸ் தலை குனிந்திருந்தது. உழைத்துச் சம்பாதிக்கிறவள் அவள், தலை குனிவது இவர்களா? நடந்து போய்ப் போர்வையை ஒரே இழுப்பில் உருவிக் கொடியில் போட்டாள்.

"துணி துவைக்கிற டிரம்மு. நான்தான் செய்யச் சொன்னேன். நான்தான் சுத்துறேன்."

ஒச்சம்மாளின் முகம் கறுத்தது. "ஊரான் துணியா?"

"ஆமா. ஊரான் துணிதான்."

"ஏண்ணே காசிமாயா, இத மறைச்சா எங்களக் கூப்புட்டீக? நாளப்பின்ன எங்க சொந்தபந்தம் கேட்டா என்னன்னு சொல்லுவேன்?" அவள் சூடத்தைச் சுட்டிக்காட்டினாள். "பொண்ண எனக்குப் புடிச்சுப் போச்சு. அதனால ஒரு வழி சொல்றேன். இந்தச் சூடத்த ஏத்தி, இன்னியோட இந்தத் தொழில விட்டுட்டேன்னு உங்க மருமக அடிச்சு அணைக்கட்டும். நான் இப்பவே பூ வச்சுட்டுப் போறேன்."

எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொல்கிற சத்தியத்தை அவர்கள் ஊரில் யாரும் மீறமாட்டார்கள். மீறினால் குடும்பம் தழைக்காது என்பார்கள்.

"ஏத்துறா முனீசு," என்றார் காசிமாயன். "நதியா, ஒம் மகளா நெனைச்சு வளத்தியே அனுசுயாவ. அவளுக்காகச் செய்யித்தா."

முனீஸ் தீக்குச்சியைக் கிழித்தான். சூடம் பற்றிக்கொண்டது.

நதியா அனுசுயாவைப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் கண் நிறைந்திருந்தது, ஆனால் தலை லேசாக அசைந்தது. வேண்டாம் மதினி, என்று அசைந்தது. நதியாவுக்கு அதற்கு மேல் யாருடைய உத்தரவும் தேவைப்படவில்லை.

"ஆறு வருசம், எந்த நாட்டுக்காரனோ போடப் போற ஜட்டிக்குப் பிசிறு வெட்டுனேன். அது ஊரான் துணி இல்லையா? அப்ப யாருக்கும் கேவலமாத் தெரியல. இந்த விரலு போனதுக்கு ஒரு ஆள் வந்து ஏன்னு கேக்கல. இப்பப் பக்கத்து வீட்டுக்காரி பாவாடையத் துவைச்சா மட்டும் கேவலமா?"

அவள் குனிந்தாள். வீங்கிய வலது கையை விரித்தாள்.

"இந்தத் தோளுல தெம்பு இருக்கிற வரைக்கும் நான் இந்த டிரம்மச் சுத்துவேன். யாருக்காகவும் இனி மூடமாட்டேன். சத்தியம்."

பளாரென்று அடித்தாள். சூடம் அணைந்தது. உள்ளங்கையில் கறுப்பாக ஒரு வட்டம் விழுந்தது. வலித்தது. அவள் காட்டிக்கொள்ளவில்லை.

மயிலாத்தாள் பேசினை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். "அடி ஆத்தா," என்று மட்டும் சொன்னாள்.

ஒச்சம்மாள் எழுந்தாள். தாம்பாளத்தையும் எடுத்துக்கொண்டாள். "மருமகள அடக்கத் தெரியாத ஆம்பள. கட்டியிருக்கிறதப் பாரு, செவத்த வேட்டி. இந்த வேசத்துக்குச் சம்பந்தம் ஒரு கேடா?"

இது தேவையில்லாத வார்த்தை. டிரம்மைப் பற்றிப் பேசியிருந்தால் காசிமாயன் தாங்கியிருப்பார், ஏனென்றால் அவரும் அதைத்தான் காலையிலிருந்து பேசினார். ஆனால் தன்னைச் சொன்னால் பொறுக்கிற ஆள் இல்லை அவர். விருட்டென்று எழுந்தார்.

"இந்தாத்தா, நில்லு. என் வீட்டு மருமகள அடக்குறதும் அடக்காததும் என் சோலி. அவள சூடத்துல அடிக்கச் சொல்ல நீ யாரு? அவ சம்பாதிச்சுப் போட்ட சோத்துலதான் என் மக இந்த ஊருல இருக்கா. ஆமா, செவத்த வேட்டிதான். அந்த டிரம்முல துவைச்சதுதான். என்ன இப்ப?"

சொல்லிவிட்டு அவரே திகைத்து நின்றார். டிரம்முக்காக இவ்வளவு பேசுவோம் என்று அவர் நினைத்திருக்கவில்லை. நதியாவின் பக்கம் திரும்பி, சத்தத்தைக் குறைத்து, "ஒன்ட்ட அப்பறம் பேசிக்கிறேன்," என்றார்.

"பேசுங்க மாமா. நான் இங்கதான் இருப்பேன்," என்றாள் நதியா.

ஒச்சம்மாள் காம்பவுண்ட் கேட்டைத் தாண்டிவிட்டாள். தவசி பின்னாலேயே போனான். அனுசுயா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். நதியாவுக்கு அப்போதுதான் கை எரிந்தது, நெஞ்சும் எரிந்தது. என் தொழிலை நான் காப்பாற்றிக்கொண்டேன், இந்தப் பெண்ணுக்கு என்ன மிச்சம் வைத்தேன்? சத்தியத்தைத் திரும்ப வாங்கச் சொன்னால் வாங்கமாட்டாள். ஆனாலும் வலித்தது.

மயிலாத்தாளின் பேசினை வாங்கி டிரம்முக்குள் கொட்டினாள். கதவிடுக்கிலிருந்த சிவப்புக் கயிற்றை உருவி எறிந்து, வெள்ளை வேஸ்ட்டை வைத்து அடைத்தாள். பெடலில் உள்ளங்கை படாமல் மணிக்கட்டை வைத்துத் தள்ளினாள். டிரம் உருள ஆரம்பித்தது.

நாலு சுற்றுக்கூட ஆகியிருக்காது. கேட் கிறீச்சிட்டது. தவசி திரும்பி வந்து நின்றான். மூச்சு வாங்கியது. யாரையும் பார்க்காமல் வேட்டியைப் பார்த்துப் பேசினான்.

"அக்கா, அது சரியா அலசாத சிவப்பு. கதவுல அடைச்சிருந்தத, போர்வைய எடுத்தப்பவே பாத்துட்டேன். சோப்பு போட்டா போகாது. நாளைக்குப் பட்டறையிலருந்து மருந்து கொண்டு வாரேன். ஒரு முக்கு முக்குனா வெள்ளையாயிரும். சாயங்காலம் வரட்டுமா?"

"ஒங்க அம்மாவுக்குத் தெரியுமா தம்பி?" என்றாள் நதியா.

"நாளைக்குத் தெரியும்."

காசிமாயன் தோள் துண்டை உதறிப் போட்டார். "ஒண்ணும் வேணாம். எந்த மருந்தும் வேணாம். இன்னிக்கு மத்தியானப் பஸ்ஸுக்கு இதே வேட்டியோடதான் ஊருக்குப் போறேன். எவன் கேக்குறான்னு பாக்குறேன்."

தவசியின் முகம் தொங்கிப்போனது. கேட்டில் வைத்த கையை எடுத்தான்.

"அப்பா."

காலையிலிருந்து வாய் திறக்காத அனுசுயா சுவரை விட்டுத் திரும்பியிருந்தாள். கண்ணைத் துடைத்ததில் மை கன்னத்தில் அப்பியிருந்தது. அவள் கொடியில் கிடந்த கட்டம் போட்ட கைலியை எடுத்து, நேராக வந்து, தகப்பன் கையில் திணித்தாள்.

"நீங்க இதக் கட்டிக்கிட்டு ஊருக்குப் போங்க. அந்த வேட்டி நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் இங்கதான் இருக்கும்."